கடைசி ஓர் அங்குலக் கசடு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஹான்ஃபோர்ட் அணுக்கழிவுத் தொட்டிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தொட்டியிலிருந்து 99 விழுக்காடு கழிவை எடுத்தபின், மிச்சத்தின்மேல் சிமென்ட் கலவையை ஊற்றி அங்கேயே மூடிவிடுவது அமெரிக்க எரிசக்தித் துறையின் திட்டம். கட்டுரை அதை நிம்மதி தரும் செய்தியாகச் சொல்கிறது. நான் ஹான்ஃபோர்டை ஒட்டி ஓடும் கொலம்பியா ஆற்றின் நீரைக் குடிக்கும் ஊரில் வசிப்பவள், வேதியியல் கற்பிப்பவள். இந்தத் திட்டம் இன்றுள்ள வடிவில் நிறைவேறக் கூடாது என்பதே என் கருத்து.

நாகசாகியில் வீசப்பட்ட குண்டுக்கான புளூட்டோனியம் ஹான்ஃபோர்டில்தான் தயாரானது. அந்த வேலை 1980களின் இறுதிவரை தொடர்ந்தது. அதன் மிச்சமாக 177 நிலத்தடித் தொட்டிகளில் சுமார் 21 கோடி லிட்டர் கழிவு சேர்ந்தது. அவற்றில் 149 தொட்டிகள் ஒற்றைச் சுவர் கொண்டவை. அறுபதுக்கும் மேற்பட்டவை கசிந்திருக்கின்றன, அல்லது கசிந்ததாகச் சந்தேகிக்கப்படுகின்றன. 2021இல்கூட பி-109 என்ற தொட்டி கசிவதாக அறிவித்தார்கள்.

யுரேனியக் கோல்களை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துப் புளூட்டோனியத்தைப் பிரித்தார்கள். எஞ்சிய அமிலக் கழிவைத் தாங்கத் துருப்பிடிக்காத எஃகு வேண்டும். போர்க்காலத்தில் அது கிடைப்பது அரிதாயிருந்ததால் சாதாரணக் கார்பன் எஃகில் தொட்டிகளைக் கட்டினார்கள். அமிலம் அவற்றை அரிக்காமலிருக்கக் காஸ்டிக் சோடாவைக் கொட்டிக் கழிவைக் காரமாக்கினார்கள். காரம் ஏறியதும் இரும்பு, அலுமினியம், மாங்கனீசு, யுரேனியம், ஸ்ட்ரான்ஷியம்-90, எஞ்சிய புளூட்டோனியம் எல்லாம் கரைசலிலிருந்து பிரிந்து சேறாக அடியில் படிந்தன. சீசியம்-137 பெரும்பாலும் மேலே நிற்கும் நீரிலேயே தங்கியது.

மேல்நீரைப் பம்ப் வைத்து இறைத்துவிடலாம். மேல்நீர் வற்றி உறைந்த உப்புப் படிவை நீர்விட்டுக் கரைக்கலாம். அடிக்கசடு அப்படி இளகாது. கழிவின் கதிர்வீச்சாலேயே சூடேறிய தொட்டிகளில் அலுமினிய ஹைட்ராக்சைடு போமைட் என்ற கனிமமாக இறுகியிருக்கிறது. அது காஸ்டிக் சோடாவில்கூட எளிதில் கரைவதில்லை. அடிப்பிடித்த பாத்திரத்திலிருந்து பாலை ஊற்றியெடுத்த பிறகும் தீய்ந்த படிவு ஒட்டிக்கொண்டு கிடப்பதுபோல, எளிதில் வராததுதான் கடைசியில் எஞ்சுகிறது.

இந்த மிச்சத்துக்கு, ஹான்ஃபோர்டைத் தூய்மைப்படுத்துவதற்கான 1989ஆம் ஆண்டின் முத்தரப்பு ஒப்பந்தம் வைத்திருக்கும் வரம்பு, பெரிய தொட்டிக்கு 360 கன அடி, அதாவது ஏறக்குறைய பத்தாயிரம் லிட்டர். 75 அடி விட்டமுள்ள தொட்டித் தரையில் சமமாகப் பரப்பினால் ஓர் அங்குலம் வரும். ஹான்ஃபோர்டில் சி வளாகம் என்ற தொட்டித் தொகுதியின் சில தொட்டிகளில் அந்த வரம்பைக்கூட எட்ட முடியவில்லை. எனக்குள்ள பெரிய ஆட்சேபம் வேறு: கன அடி என்பது இடத்தை அளக்கும் அளவு. அந்த ஓர் அங்குலத்திலிருந்து எது, எவ்வளவு, எத்தனை வேகமாக நீரில் இறங்கும் என்று அது சொல்லாது.

பசிபிக் வடமேற்குத் தேசிய ஆய்வகம் சில தொட்டிகளின் மிச்சக் கசட்டைச் சோதித்தது. சி-203, சி-204 தொட்டிகளில் யுரேனியம், நீரில் எளிதாகக் கரையும் சோடியம் யுரேனைல் கார்பனேட் கனிமமாக இருந்தது. சி-103, சி-106 தொட்டிகளிலோ டெக்னீசியம்-99இல் ஒரு பகுதி இரும்பு ஆக்சைடுகளுக்குள் சிக்கி, நீரில் எளிதில் வராமல் நின்றது. சி-106ஐக் கழுவ ஆக்சாலிக் அமிலம் ஊற்றினார்கள். பிறகு எடுத்த மாதிரிகளில் புதிதாக ஆக்சலேட் உப்புகள் தென்பட்டன. கழுவும் வேலையே கசட்டின் வேதியியலை மாற்றிவிடுகிறது. ஒரே வளாகத்தில், ஒரே அளவு மிச்சமுள்ள இரண்டு தொட்டிகள் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல.

டெக்னீசியத்தை நான் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. ஸ்ட்ரான்ஷியமும் சீசியமும் சுமார் முப்பது ஆண்டுகளில் பாதியாகக் குறையும். டெக்னீசியம்-99 பாதியாக 2 லட்சத்து 11 ஆயிரம் ஆண்டுகள் வேண்டும். ஆக்சிஜன் உள்ள நீரில் அது பெர்டெக்னெட்டேட் அயனியாகி, மண்ணில் ஒட்டாமல் நீர் போகும் வழியெல்லாம் போகும். இரும்பு உலைக் கழிவான ஸ்லாக் கலந்த சிமென்ட் அதைக் கரையாத வடிவத்துக்கு மாற்றிப் பிடித்துவைக்கும் என்பது உண்மை. ஆனால் சிமென்ட் விரிசல் கண்டு காற்று புகுந்தால் அது மறுபடியும் கரையும் வடிவத்துக்குத் திரும்பும். எந்தச் சிமென்டும் இரண்டு லட்சம் ஆண்டு நின்றதற்கு மனிதகுலத்திடம் சான்று இல்லை.

கடைசித் துளிவரை சுரண்டச் சொல்லி நான் கேட்கவில்லை. பழைய தொட்டியில் மேலும் மேலும் நீரைப் பீய்ச்சினால் அதுவே கசிவாகலாம். தொழிலாளர்கள் கூடுதல் கதிர்வீச்சுக்கு உள்ளாவார்கள். எங்கே நிறுத்துவது என்பதைக் கசட்டின் இயல்பு தீர்மானிக்கட்டும் என்கிறேன். எரிசக்தித் துறையே 2019இல், கழிவு எங்கிருந்து வந்தது என்பதைவிட அதில் என்ன இருக்கிறது என்பதைக் கொண்டே அதை வகைப்படுத்தலாம் என்று அறிவித்தது. உள்ளே இருப்பதுதான் அளவுகோல் என்றால், அந்த அளவுகோலை இங்கேயும் வைக்கட்டும்.

அவசரம் எதற்கு? தென் கரோலைனாவின் சவானா ரிவர் வளாகத்தில் 1997 முதல் சில தொட்டிகளை இப்படிச் சிமென்ட் நிரப்பி மூடியிருக்கிறார்கள். நிரப்பிய பிறகு கசட்டை வெளியே எடுக்கவோ மறுபடி சோதிக்கவோ வழி இல்லாமல் போகிறது. இங்கேயும் அப்படி மூடினால், பிழை தெரிந்தாலும் திருத்த இயலாது. கொலம்பியா ஆற்றில் சால்மன் பிடிக்கும் உரிமையை 1855 உடன்படிக்கையிலேயே உறுதிசெய்துகொண்ட யாகமா மக்களின் பேரப்பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளும் அதன் விளைவைச் சுமப்பார்கள்.

எனவே என் கோரிக்கைகள் மூன்று. ஒவ்வொரு தொட்டியிலும் பல இடங்களில் மாதிரி எடுத்து, வெறும் நீரிலும் சிமென்டில் ஊறிய நீரிலும் கரைவுச் சோதனை நடத்த வேண்டும். கன அடி வரம்போடு, வெளியேறக்கூடிய டெக்னீசியத்துக்கும் யுரேனியத்துக்கும் தனித்தனி வரம்பு வைக்க வேண்டும். பொதுமக்களுக்குப் புரியும் மொழியில் அந்த முடிவுகளை வெளியிட்டு, கருத்துக் கேட்ட பிறகே சிமென்டை ஊற்ற வேண்டும். வாஷிங்டன் மாநிலத்திலும் ஆரிகனிலும் வசிக்கும் வாசகர்கள், மூடும் திட்டத்தின் மீது கருத்துக் கேட்கும்போது இந்த மூன்றையும் எழுதி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியை,
கென்னவிக், வாஷிங்டன் மாநிலம்