லயத்துப் பெரியவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வேண்டும்



வெளியூர்க்காரர்கள் கேரளத்தின் போனக்காட்டைப் பற்றிப் பேசுவது பெரும்பாலும் இரண்டு காரணங்களுக்காக. ஜனவரியில் தொடங்கும் அகத்தியர்கூட மலையேற்றத்துக்கு இதுதான் வாசல். அடுத்தது, தேயிலைத் தோட்டத்தில் பாழடைந்து நிற்கும் வெள்ளைக்காரர் காலத்து பங்களா. அங்கே பேய் உலவுகிறதென்று கேள்விப்பட்டுப் படம்பிடிக்க வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை. அவர்கள் கடந்து போகும் லயங்களில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைகளில், ஆயுளெல்லாம் கொழுந்து கிள்ளியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த பங்களாவில் வாழ்ந்தவர்கள் யார், தொழிற்சாலைச் சங்கு எந்த நேரத்தில் ஊதியது, எந்தக் காட்டில் எந்த வருடம் கவ்வாத்து வெட்டினார்கள் என்றெல்லாம் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். அதே லயத்தில் வளரும் பிள்ளைக்கோ தன் ஊரைப் பற்றிக் கிடைக்கும் முதல் சேதி, யாரோ ஒருவர் கைப்பேசியில் ஏற்றிய பேய்க்கதை. பெரியவர்களும் பிள்ளைகளும் ஒரே கூரை வரிசையில் குடியிருந்தும் இப்படி ஆனதற்கு, இரு சாராரையும் வெவ்வேறு கோப்புகளில் வைத்துப் பார்க்கும் அரசின் பழக்கமும் ஒரு காரணம். அதைக் கண்டித்தும், மாற்றக் கோரியும் இதை எழுதுகிறேன்.

தோட்டம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இந்தப் பிரிவினை இவ்வளவு இல்லை. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், பிள்ளைகளின் படிப்பு, குழந்தைக் காப்பகம் எல்லாவற்றையும் முதலாளியின் பொறுப்பாக்கியிருந்தது. 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் காப்பகம் இருந்தே ஆகவேண்டும் என்றிருந்தது. மலைச்சரிவில் ஏற முடியாத வயதுக்கு வந்த பெண்களே பல தோட்டங்களில் அந்தக் காப்பகத்து ஆயாக்கள். தாய் கூடையோடு காட்டுக்குப் போவாள், மூத்தவள் பிள்ளைக்குக் கஞ்சி கொடுப்பாள். யாரும் திட்டமென்று பெயர் வைக்காமலே நடந்த ஏற்பாடு அது. தோட்டத்தை நிர்வாகம் கைவிட்டதும் சம்பளமும் பணிக்கொடையும் நின்றதைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள், எழுதத்தான் வேண்டும். கூடவே அறுந்துபோன இந்தக் கண்ணியை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. உடம்பில் வலுவுள்ளவர்கள் வேலை தேடி விதுரா, நெடுமங்காடு என்று இறங்கிப்போக, பகல் நேரத்து லயத்தில் மிஞ்சுவது வயதானவர்களும் பிள்ளைகளும்தான்.

இவர்களுக்கு அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவரவில்லை. முதியோர் ஓய்வூதியம் உண்டு, அங்கன்வாடி உண்டு, பள்ளியில் மதிய உணவும் உண்டு. ஆனால் முதியோர் சமூக நீதித் துறைக்குள் வருகிறார்கள், அங்கன்வாடி 2017இல் பிரிந்த மகளிர் மற்றும் குழந்தை வளர்ச்சித் துறைக்குள் வருகிறது, பள்ளிக்கூடமோ பொதுக்கல்வித் துறையுடையது. ஒரே லயத்தில் இருக்கும் பாட்டியும் பேத்தியும் மூன்று துறைகளின் பதிவேடுகளில் மூன்று இடங்களில் இருக்கிறார்கள். முதியோருக்கு நடமாடும் மருத்துவம் தரும் வயோமித்திரம் பெரும்பாலும் நகரங்களைச் சுற்றியே ஓடுகிறது. பகல்வீடுகள் கட்டப்பட்ட இடங்களிலும் முதியோர் முதியோரோடு மட்டுமே உட்கார்ந்திருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் நாட்டு மக்களில் அறுபது வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்கு 8.6 பேர் என்றால் கேரளத்தில் அது 12.6. நாட்டிலேயே முதலாவதாக முதியோர் ஆணையத்துக்குச் சட்டம் இயற்றிய மாநிலமும் இதுதான், 2025இல். இவ்வளவு முன்னே நிற்கும் மாநிலம் முதுமையைப் பராமரிக்க வேண்டிய ஒரு பாரமாக மட்டும் பார்ப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

வேறு விதமாகப் பார்த்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் அறுபது வயதைத் தாண்டியவர்களை ஏழை வட்டாரத் தொடக்கப்பள்ளிகளுக்கு அனுப்பும் ‘எக்ஸ்பீரியன்ஸ் கோர்’ என்ற திட்டம் 1990களில் தொடங்கியது. வாரத்துக்கு 15 மணி நேரம், முறையான பயிற்சி, சிறியதொரு உதவித்தொகை என்பது ஏற்பாடு. பிள்ளைகளின் வாசிப்பு முன்னேறியது. பெரியவர்களின் நடமாட்டம் கூடியது, ஆபத்துக்கு உதவக் கூடியவர்கள் என்று அவர்கள் எண்ணிக்கொண்ட ஆட்களின் எண்ணிக்கையும் கூடியது. இங்கே கவனிக்க வேண்டியது அந்த 15 மணி நேரத்தைத்தான். அக்டோபர் 1 முதியோர் தினத்தன்று பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுவதில் இந்தப் பலன் வராது. நம் தமிழர்கள் வாழும் சிங்கப்பூரில், கம்போங் அட்மிரல்டி என்ற கட்டடத்தில் முதியோர் வீடுகளும் முதியோர் மையமும் குழந்தைப் பராமரிப்பு நிலையமும் சேர்த்தே கட்டப்பட்டிருக்கின்றன. அவ்வளவு தூரம் போவானேன்? நமது நெடுமங்காடு தாலுக்காவிலேயே இருக்கிறது புல்லம்பாறை ஊராட்சி. அங்கே தன்னார்வலர்கள் வீடுவீடாகவும் வேலைத்தளங்களுக்கும் போய் மூத்தவர்களுக்குக் கைப்பேசி இயக்கக் கற்றுக்கொடுத்தார்கள். 2022 செப்டம்பரில் அது முழுமையான டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. இளையவர்கள் மூத்தவர்களுக்குச் சொல்லித்தர முடியும் என்று காட்டிய தாலுக்காவில், மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்லித்தருவதற்கு மட்டும் ஏன் வழியில்லை?

எழுத்து வாசிப்பு இல்லாத தோட்டத்துப் பெரியவர்கள் என்ன சொல்லித்தரப் போகிறார்கள் என்ற கேள்வி வரும். பாடப்புத்தகத்தை அவர்கள் தொடவே வேண்டாம். வீட்டில் தமிழும் வெளியே மலையாளமுமாக வளரும் பிள்ளைக்கு, தமிழ் தன் முழு வளத்தோடு கிடைக்கும் இடம் அந்த மூத்தவர்களின் வாய்தான். தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்யச் சொல்லும் அரசியலமைப்பின் 350அ பிரிவை இங்கே எப்படி நிறைவேற்றுவதென்று யோசிப்பவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். கதை, விடுகதை, தாலாட்டு, கங்காணி காலத்து வரலாறு, தேயிலைச் செடியின் நோய்கள், இந்த மலையின் மழைக்குறிகள் எல்லாமே பாடந்தான். 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டத்தின்படி ஒவ்வொரு ஊராட்சியும் மக்கள் உயிரியல் பன்மைப் பதிவேடு எழுத வேண்டும். அகத்தியமலையின் காணிப் பழங்குடி மக்களுக்குத் தெரிந்திருந்த ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையை 1987இல்தான் ஆய்வாளர்கள் கேட்டறிந்தார்கள். இப்படிக் கேட்டறிய வேண்டியது இன்னும் எத்தனையோ இருக்கலாம். பிள்ளைகள் கேட்கட்டும், எழுதட்டும். பதிவேடும் நிறையும், எழுத்தும் பழகும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு, அதை முன்வைப்பவர்களை நான் மதிக்கிறேன். உழைத்ததற்கே கூலி கிடைக்காதவர்களை, பணிக்கொடைக்காக ஏங்கிக் காத்திருப்பவர்களை, இப்போது ‘சேவை’ என்ற பெயரில் மறுபடியும் இலவசமாக உழைக்கச் சொல்வதா என்கிறார்கள். சொல்லக்கூடாது. ஆகவேதான் மதிப்பூதியம் இல்லாத எந்தத் திட்டத்தையும் நான் கேட்கவில்லை. வருகிறவருக்கு மணிக்கணக்குப் பார்த்துப் பணம் தரவேண்டும். பிள்ளைகளோடு சேர்த்துப் பகல் சாப்பாடு போடவேண்டும். அவருக்கு வரவேண்டிய பாக்கியிலோ ஓய்வூதியத்திலோ இதைக் காட்டி ஒரு ரூபாய்கூடக் குறைக்கக்கூடாது. ஆசிரியர், அங்கன்வாடி ஊழியர் பணியிடத்தை இதைக் கொண்டு நிரப்பவும் கூடாது. இந்த நிபந்தனைகள் எழுத்தில் இல்லாவிட்டால் திட்டமே வேண்டாம். அதே சமயம், நிலுவை தீரும் வரை வேறெதையும் தொடக்கூடாது என்பதையும் ஏற்க முடியவில்லை. பாக்கிக்கான வழக்கு நடக்கும் வருடங்களில் பெரியவர்கள் ஒவ்வொருவராக இறந்துபோகிறார்கள், பிள்ளைகள் படித்து முடித்துவிடுகிறார்கள்.

வீட்டிலேயே தாத்தா பாட்டி இருக்கும்போது பெரியவர்கள் பள்ளிக்கு வருவது எதற்கு என்றும் கேட்கிறார்கள். எல்லா லயத்திலும் பேரன் பேத்தி இல்லை. பிள்ளைகள் மலையிறங்கிப்போய்த் தனித்துவிட்ட பெரியவர்களை நினைத்தே இதைக் கேட்கிறேன். குழந்தைகளின் பாதுகாப்பைப் பற்றிய கவலை நியாயமானது. காவல்துறைச் சரிபார்ப்பு, எப்போதும் ஓர் ஆசிரியர் உடனிருப்பது, யாரோடும் பிள்ளை தனித்து இராமை ஆகியவற்றை விதியாக்கினால் போதும்.

கேட்பது பெரிதல்ல. முதியோருக்கும் குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமாகத் திட்டப் பணத்தில் பங்கு ஒதுக்குவது கேரள ஊராட்சிகளின் நடைமுறை. விதுரா ஊராட்சி அதிலிருந்து எடுத்து, பள்ளியிலோ அங்கன்வாடியிலோ ஓர் அறையைச் செப்பனிட்டு, வாரத்தில் மூன்று நாளாவது லயத்துப் பெரியவர்கள் பிள்ளைகளோடு இருக்க நேரம் ஒதுக்கட்டும். மழைக்காலத்தில் வயதானவர்கள் வழுக்காமல் வர நடைபாதைக்குக் கைப்பிடி போடட்டும். மூன்று துறைகளின் அதிகாரிகளும் ஒரு நாள் சேர்ந்து போனக்காட்டுக்கு ஏறி வந்து, பள்ளி நிர்வாகக் குழுவையும் பெரியவர்களையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசட்டும். முதியோர் ஆணையம் அதற்குத் தேதி குறிக்க வேண்டும். அடுத்த மலையேற்றப் பருவம் தொடங்குவதற்குள் அது நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
போனக்காடு.