சேர்ந்தவர் எத்தனை? தேறியவர் எத்தனை? ஆனையூருக்குத் தெரிய வேண்டாமா?

மதுரை,-

வீட்டை விட்டு ஒரு பையன் காணாமல் போனால் போலீஸ் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். பெயர், வயது, அங்க அடையாளம், கடைசியாகப் போட்டிருந்த சட்டையின் நிறம் வரை எழுதிக் கொள்வார்கள். ஆள் விட்டுத் தேடுவார்கள்.

அதே பையன் கல்லூரியில் இருந்து காணாமல் போனால்?

புகாரும் இல்லை, தேடலும் இல்லை. வருகைப் பதிவேட்டில் பெயர் மேல் ஒரு கோடு விழும். அத்தோடு சரி!

2011-ம் ஆண்டு மதுரை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட ஊர் ஆனையூர். கூலி வேலைக்குப் போகும் குடும்பங்களும் உண்டு, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமும் உண்டு. விளாங்குடிப் பக்கம் பாத்திமா கல்லூரி, புதூரில் அரசு ஐ.டி.ஐ. என்று படிக்கும் இடங்கள் கூப்பிடு தூரத்தில்தான். ஆனால் இந்த ஊரில் இருந்து எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்று கேட்டால், கையில் எடுத்துக் கொடுக்க ஒரு தாள் கிடையாது.

பாதியில் விட்டவனுக்கு ஒரு கல்லூரி

படிப்பைப் பாதியில் விட்டவனுக்கும், வேலைக்குப் போய்க் கொண்டே படிக்க நினைப்பவனுக்கும் என்றே ஏற்பட்டது சமுதாயக் கல்லூரி. அமெரிக்காவில் ஜோலியட் நகரில் 1901-ல் தொடங்கிய கல்லூரிதான் இதற்கு முன்னோடி. நம் பக்கம் 1995-ல் புதுச்சேரி பல்கலைக்கழகம் ஆரம்பித்தது. 1996-ல் சென்னை-மயிலை கத்தோலிக்க உயர் மறைமாவட்டம் சென்னை சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. குறைந்த கட்டணம், கைத்தொழில், கூடவே வேலைப் பயிற்சி. யோசனை அருமையான யோசனை.

2009-ல் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் சமுதாயக் கல்லூரித் திட்டம் கொண்டு வந்தது. 2012-ல் அது நிறுத்தி வைக்கப்பட்டது. பிறகு பல்கலைக்கழக மானியக் குழு தனியாக ஒரு திட்டம் போட்டது. திட்டம் மாறும், பெயர் மாறும், போர்டு மாறும். இடையில் சேர்ந்த பிள்ளைகள் கரை சேர்ந்தார்களா என்று கேட்பவர் யார்?

90 சதவீத ரகசியம்

"எங்கள் கல்லூரியில் 90 சதவீத தேர்ச்சி" என்று நோட்டீஸ் அடிப்பார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 பேர் சேருகிறார்கள். 20 பேர் நடுவில் நின்று விடுகிறார்கள். 40 பேர் பரீட்சை எழுதி 36 பேர் பாஸ். எழுதியவரை வைத்துப் பார்த்தால் 90 சதவீதம். சேர்ந்தவரை வைத்துப் பார்த்தால் 60 சதவீதம்தான்! அந்த 20 பேரும் நோட்டீசில் இல்லை.

அந்த 20 பேர் யார்? அங்கேதான் சங்கதி இருக்கிறது.

பையன் என்றால் தினக்கூலி இழுக்கும். சாயங்காலம் கையில் காசு. "படிச்சு என்னத்தக் கிழிக்கப் போற, வாடா வேலைக்கு" என்று கூப்பிட ஆள் ரெடி. பெண் என்றால் கல்யாணப் பேச்சு. வீட்டில் முதல் பட்டதாரியாக வரவேண்டிய பிள்ளைக்கு வேறு கஷ்டம். ஒரு பேப்பரில் அரியர் விழுந்தால் மறுபடி எழுதலாம் என்று சொல்லித் தர வீட்டில் ஆள் இல்லை. "பெயில்" என்று நினைத்து நின்று விடும்.

முகாம் பிள்ளையின் பாடு எல்லாவற்றிலும் பெரிசு. இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போன பிள்ளை. ஆனால் குடியுரிமை இல்லை, அதனால் அரசாங்க வேலைக்கு வழி இல்லை. "டிகிரி வாங்கி என்னக்கா செய்ய?" என்று அது கேட்டால் பதில் சொல்வது லேசில்லை.

நால்வரும் நின்றது ஒரே வகுப்பில் இருந்துதான். காரணம் நாலு. மருந்தும் நாலு வேண்டும். மொத்தமாக "20 பேர் வரவில்லை" என்று எழுதினால் ஒரு மருந்தும் கிடைக்காது.

வாசலில் மட்டும் கணக்கு

"பிள்ளைகளைச் சாதிவாரியாகப் பிரித்துப் பார்ப்பதா?" என்று சிலர் கோபப்படலாம். சேர்க்கை விண்ணப்பத்தில் சாதி உண்டு, ஆணா பெண்ணா உண்டு. வாசலில் இந்தக் கணக்கு ஒழுங்காகவே நடக்கிறது. மத்திய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சேர்க்கை விகிதம் 28.4. தாழ்த்தப்பட்டோருக்கு 25.9, பழங்குடியினருக்கு 21.2. தமிழ்நாட்டின் மொத்த விகிதம் 47. சந்தோஷம்! உள்ளே போகும்போது பார்த்த அதே பிரிவை வெளியே வரும்போதும் பார்த்தால் என்ன குற்றம்?

அமெரிக்காவில் 1990-ல் இதற்கென்று சட்டமே போட்டார்கள். சேர்ந்தவரில் எத்தனை பேர் முடித்தார்கள் என்று கல்லூரி வெளியிட வேண்டும். இரண்டு வருடப் படிப்பை மூன்று வருடத்துக்குள் முடித்தவர் வரை கணக்கில் வருவார்கள். பிரிவு வாரியாகவும் விவரம் தர வேண்டும். பல சமுதாயக் கல்லூரிகளின் வண்டவாளம் அதனால்தான் வெளியே வந்தது.

பட்டியல் ஏற்கனவே இருக்கிறது

இங்கே புதிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 கொடுக்கப்படுகிறது. மாணவர்களுக்கு 2024-ல் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. பணம் வங்கிக் கணக்குக்குப் போகிறது. அப்படியானால் யார் பெயர் எந்த மாதத்தோடு நின்றது என்பதும் அந்தப் பட்டியலிலேயே இருக்குமே! பெயர் நின்ற வாரமே ஒரு ஆள் வீட்டுக்குப் போய் "ஏம்ப்பா வரலை?" என்று கேட்கலாம். மூன்று வருடம் கழித்துக் கேட்டால் அது விசாரணை. மூன்றாம் நாள் கேட்டால் அது காப்பாற்றுவது.

கேட்டால் நல்ல சேதியும் வரும். கற்ற தொழிலை வைத்தே ஒருவன் வேலையில் அமர்ந்திருந்தால் அது தோல்வி ஆகாது. அதையும் எழுதிக் கொள்ளட்டும். ஆனால் வேலை கிடைத்துப் போனவனையும், பஸ்சுக்குக் காசில்லாமல் நின்றவனையும் ஒரே கோட்டால் அடிக்கக் கூடாது.

ஒவ்வொரு கல்லூரி வாசலிலும் ஒரு போர்டு போதும். சேர்ந்தவர் இத்தனை, முடித்தவர் இத்தனை, நின்றவர் இத்தனை, ஏன் நின்றார்கள். ஆண், பெண், சாதிப் பிரிவு, முதல் பட்டதாரி, முகாம் என்று பிரித்து எழுத வேண்டும். யார் பெயரும் போட வேண்டாம், எண்ணிக்கை போதும்.

நாலு சோத்துக்கு உழைக்கும் தாய், பிள்ளையைச் சேர்க்கும் முன் அந்த போர்டைப் படிக்கட்டும். கணக்குக் காட்டக் கூசும் கல்லூரிக்கு அவள் பிள்ளையை ஏன் அனுப்ப வேண்டும்?