வீடும் சுகமும்: ஆமைப் பெட்டியின் தூசியும் பிள்ளையின் மூச்சும்



ஸ்காபரோவில் பேஸ்மென்ற் வீடொன்றில் வசிக்கும் தாய் ஒருவர் எழுதிய கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறோம். மூத்த மகனுக்கு 11 வயது. நாய், பூனை வளர்ப்பதற்கு வீட்டுச் சொந்தக்காரர் சம்மதிக்கவில்லை. முடி உதிராது, சத்தம் போடாது என்பதால் சிறிய தரையாமை ஒன்றை வாங்கிக் கொடுத்தார்கள். வந்து மூன்று மாதமாகிறது. பெட்டி இருக்கும் அறையில் மேசை, ரீவி, பள்ளிப் புத்தகம் எல்லாவற்றிலும் மண்ணிறத் தூசி படிகிறது. ஆறு வயது மகளுக்கு ஏற்கெனவே ஆஸ்துமா, எங்கள் பேச்சில் சொன்னால் முட்டு, இருக்கிறது. இப்போது இரவில் இருமல் கூடியிருக்கிறது. "ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்று அம்மம்மா ஒரு பக்கம் சொல்கிறார். ஆமையைக் கொடுத்தால் சாப்பிட மாட்டேன் என்று மகன் மறுபக்கம் நிற்கிறான். என்ன செய்வது என்பதுதான் அந்தத் தாயின் கேள்வி.

இதே கேள்வி வேறு வீடுகளிலும் இருக்கும். ஆகவே அம்மம்மாவின் பழமொழியைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, வீட்டுக் காற்றைப் பார்ப்போம்.

தூசி எங்கிருந்து வருகிறது?

ஆமைக்கு உரோமம் இல்லை. அதன் தோலிலும் ஓட்டிலும் இருந்து உதிர்வது மிகச் சொற்பம். நீங்கள் துடைக்கும் தூசியில் பெரும்பங்கு பெட்டிக்குள் பரப்பிய மண்ணிலிருந்தே வருகிறது. ஆமை நாள் முழுவதும் நடக்கும், கிண்டும், புதைந்து படுக்கும். மண் காய்ந்திருந்தால் ஒவ்வொரு அடிக்கும் நுண்ணிய பொடி கிளம்பும். காய்ந்து நொறுங்கிய எச்சமும், சிறுநீருடன் வரும் வெள்ளைச் சுண்ணாம்பு போன்ற கழிவும் அதனுடன் கலந்துவிடும்.

மண்ணைக் காய வைப்பவை இரண்டு. ஒன்று, ஆமை குளிர்காய்வதற்காகத் தொங்கவிடும் சூட்டு விளக்கு. அதன் கீழே 32 முதல் 35 பாகை வரை சூடு இருக்க வேண்டும். அந்தச் சூட்டில் காற்று மேலெழும்போது பொடியையும் தூக்கிக்கொண்டு போகும். மற்றது இந்த நாட்டுக் குளிர்காலம். வெளியே உள்ள உறைகுளிர்க் காற்றில் நீராவி மிகக் குறைவு. அதை ஃபேர்னஸ் சூடாக்கி வீட்டுக்குள் விடும்போது ஈரப்பதன் 30 வீதத்துக்கும் கீழே இறங்குவது வழக்கம். உதடு வெடிப்பதும் அதனால்தான், பெட்டி மண் ஒரே நாளில் மாவாகக் காய்வதும் அதனால்தான்.

கண்ணுக்குத் தெரியும் தூசி அவ்வளவு ஆபத்தானதல்ல. அதில் பெரும்பகுதியை மூக்கே தடுத்துவிடும். தலைமுடியின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோமீற்றர். 10 மைக்ரோமீற்றரிலும் சிறிய துகள் மூக்கைத் தாண்டிப் போகும். 2.5 மைக்ரோமீற்றரிலும் சிறியது நுரையீரலின் அடிவரை செல்லும். இந்தத் தூசி ஆஸ்துமாவை உண்டாக்கியது என்று சொல்ல முடியாது. ஆனால் ஏற்கெனவே இருக்கும் ஆஸ்துமாவைக் கிளறிவிட அது போதும்.

முதல் வேலை: மண்ணை மாற்றுங்கள்

துடைப்பதால் மட்டும் தீராது. எதைப் பரப்புகிறீர்கள் என்பதே முக்கியம். காய்ந்த மணல், மரத்தூள், மரச்சீவல், வைக்கோல் ஆகிய எல்லாம் தூசி தருபவை. சீடர் மரச்சீவலை அறவே தவிருங்கள். அதன் வாசனை எண்ணெய் ஆமைக்கும் ஆகாது, முட்டுள்ள பிள்ளைக்கும் ஆகாது.

கடையில் செங்கல் போல அமுக்கிய மண்ணிறக் கட்டி ஒன்று விற்பார்கள். கயிறு திரிப்பதற்காகத் தேங்காய் மட்டையை ஊறவைத்து அடிக்கும்போது தும்பிலிருந்து உதிருமே, அந்தத் தும்புச்சோறுதான் அது. இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் இங்கே வருகிறது. 650 கிராம் கட்டியொன்று 4 லீற்றர் அளவு தண்ணீரைக் குடித்து 8 லீற்றர் வரை ஊதும். அதனுடன் உரம் கலக்காத தோட்ட மண்ணைச் சம அளவில் கலந்து, 10 சென்ரிமீற்றர் ஆழத்துக்குப் பரப்புங்கள்.

ஈரத்தின் அளவை அறிய ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. பின்னர் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பெட்டியின் மூலைகளில் தண்ணீரை ஊற்றினால் அடிமண் ஈரமாக இருக்கும். மேல்மண்ணுக்கு விசிறும் போத்தலால் இலேசாக விசிறினால் போதும். மேற்பரப்பைச் சேறாக்கிவிட்டால் ஆமையின் அடியோடு அழுகும், பெட்டியில் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணமும் முட்டைக் கிளப்பும் என்பதை மறக்கக் கூடாது. தும்புச்சோற்றை ஒருபோதும் காய்ந்தபடி உதிர்த்துக் கொட்டாதீர்கள். காய்ந்தால் அதுவும் தூசிதான்.

விளக்கின் கீழேயும் சாப்பாடு வைக்கும் இடத்திலும் தட்டையான கல் ஒன்றைப் பதியுங்கள். மிக வேகமாகக் காயும் இடத்தில் மண்ணே இராது. ஆமையின் நகமும் அளவாகத் தேயும்.

இந்த ஈரம் ஆமைக்கும் நல்லது. ஆமைக்குட்டிகளின் ஓடு மேடுமேடாகக் கூம்பி வளர்வதைச் சிலர் அழகென்று நினைப்பார்கள். உண்மையில் அது வளர்ச்சிக் குறைபாடு. ஆபிரிக்க ஆமைக்குட்டிகளை வைத்து வியன்னா ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், உணவிலுள்ள புரதத்தைவிடக் காற்றின் வறட்சியே இந்தக் கூம்பலுக்குக் கூடிய காரணம் என்று கண்டார்கள். மேலும் ஆமைக்கு எங்களைப் போல உதரவிதானம் இல்லை. பலமாக இருமி நுரையீரலிலுள்ளதை வெளியே தள்ள அதனால் முடியாது. மகளின் மூச்சுக்காகச் செய்யும் வேலை மகனின் ஆமையையும் காப்பாற்றும் என்பதை அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள். மூலைகளுக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பையும் அவனிடமே கொடுங்கள்.

பெட்டியை எங்கே வைப்பது?

பிள்ளைகள் படுக்கும் அறையில் வைக்கவே கூடாது. இரவில் எட்டு ஒன்பது மணி நேரம் ஒரே காற்றையே சுவாசிக்கிறார்கள். குசினியும் பொருத்தமான இடமல்ல.

இந்நாட்டு வீடுகள் பலவற்றில் சூட்டுக் காற்று குழாய் வழியாக வருகிறது. ஒரு துவாரம் காற்றை ஊதும், இன்னொரு துவாரம் அறைக் காற்றைத் திருப்பி இழுக்கும். இழுக்கும் துவாரத்துக்கு அருகில் பெட்டியை வைத்தால் தூசி வீடு முழுவதும், மேல்மாடிக் குடும்பத்துக்கும் சேர்த்து, போய்விடும். ஊதும் துவாரத்தின் முன்னே வைத்தால் மண் இன்னும் வேகமாகக் காயும். இரண்டிலிருந்தும் தள்ளி வையுங்கள். ஃபேர்னஸ் வடிகட்டி 1 அங்குலத் தடிப்பு உள்ளதாயின் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். வாடகை வீடென்றால் வீட்டுச் சொந்தக்காரரிடம் கேட்கத் தயங்காதீர்கள்.

மேலே திறந்த பெட்டியானால் பக்கப் பலகை மண்ணுக்கு மேல் ஒரு சாணுக்குக் குறையாமல் உயரட்டும். கிண்டும்போது சிதறுவது பெரும்பாலும் உள்ளேயே விழும். முழுவதும் மூடிவிடாதீர்கள். காற்றோட்டம் வேண்டும்.

தும்புத்தடியை ஓரமாக வையுங்கள்

காய்ந்த தரையைக் கூட்டினால் படிந்த தூசி மீண்டும் காற்றில் ஏறும், ஏறியது பல மணி நேரம் மிதக்கும். பெட்டி உள்ள அறையில் ஈரச் சீலைத்துண்டால் துடைப்பதே முறை. துடைத்த துண்டை உதறாமல் தண்ணீரில் அலசுங்கள். சாதாரண வக்கூம் கிளீனர் பெரிய மண்ணை உறிஞ்சி, நுண்பொடியைப் பின்பக்கத்தால் ஊதிவிடும். ஹெப்பா வடிகட்டி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். 0.3 மைக்ரோமீற்றர் துகளில் 99.97 வீதத்தைப் பிடிப்பதே அந்த வடிகட்டியின் அளவுகோல்.

வேலைகளை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்:

தினமும்: எச்சத்தை ஈரமாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். வெள்ளைக் கழிவை ஈரத் தாளால் துடையுங்கள்.

கிழமைக்கு இருமுறை: பெட்டியைச் சுற்றியுள்ள தரை, மேசை, யன்னல் விளிம்பு ஆகியவற்றை ஈரத்துண்டால் துடையுங்கள். பெட்டியருகே கம்பளம், துணிக் கதிரை, விளையாட்டுப் பொம்மை வைக்க வேண்டாம்.

கிழமைக்கு ஒருமுறை: விளக்குகளின் மின்சாரத்தை நிறுத்தி, நன்றாக ஆறிய பின் காய்ந்த துணியால் துடையுங்கள். தூசி படிந்த புற ஊதா விளக்கு ஆமைக்குத் தேவையான கதிரைக் குறைத்தே கொடுக்கும். சூட்டு விளக்கில் தூசி சேர்ந்தால் கருகி மணக்கும், தீ ஆபத்தும் உண்டு. விளக்கு வெறும் கிளிப்பில் நிற்காமல் சங்கிலியில் தொங்கட்டும்.

மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை: மண் முழுவதையும் மாற்றுங்கள். முட்டுள்ள பிள்ளை அன்று வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, முதலில் மண்ணை நன்றாக நனைத்து, பிறகே அள்ளிப் பைக்குள் கட்டுங்கள். செய்பவர் என்95 முகக்கவசம் அணிவது நல்லது.

இன்னும் சில தூசிகள்

சாப்பாட்டில் தூவும் கல்சியம் தூளை உயரத்திலிருந்து தூவினால் அதுவும் காற்றில் பறக்கும். இலைகளையும் தூளையும் ஒரு பைக்குள் போட்டு வாயை மூடிக் குலுக்கிக் கொடுங்கள்.

பெட்டி மணக்கிறது என்று சாம்பிராணியும் ஊதுபத்தியும் கொளுத்துவோர் உண்டு. அந்தப் புகையே நுண்துகள்தான். யன்னல் பூட்டிய குளிர்காலத்தில் முட்டுள்ள பிள்ளைக்கு மண் தூசியைவிடக் கூடக் கெடுதல் செய்யலாம். சுவாமி அறையில் கொளுத்துவதானால் குறைத்து, பிள்ளையைத் தள்ளி வைத்துக் கொளுத்துங்கள். பெட்டி மணப்பதற்கு மருந்து, எச்சத்தை அன்றன்றே எடுப்பதுதான்.

காற்றை ஈரமாக்கும் இயந்திரங்களில் சிலவகை தண்ணீரை அதிர்வால் தெறிக்க வைக்கும். அதில் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் அதிலுள்ள உப்பு வெள்ளைத் தூசியாகத் தளபாடங்களில் படியும். வடித்த தண்ணீரையே ஊற்றுங்கள். வீட்டின் ஈரப்பதன் 30 முதல் 50 வீதத்துக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் பூஞ்சணமும் படுக்கைத் தூசிப் பூச்சியும் பெருகும். சிறிய ஈரமானி ஒன்று அதிக விலையில்லை, வாங்கி வையுங்கள். காற்றைச் சுத்தமாக்கும் இயந்திரம் வாங்குவதானால் ஹெப்பா உள்ளதை வாங்குங்கள். ஓசோன் வெளிவிடும் வகை மூச்சுக்கு ஆகாது.

கை கழுவுதல்

நோயின் அறிகுறி எதுவும் இல்லாத ஆமையின் எச்சத்திலும் சல்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம். பிள்ளைகளுக்கு நோய் பரவியதாலேயே, 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை விற்பதை அமெரிக்கா 1975இல் தடைசெய்தது. தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தொடாதிருப்பதே நல்லது. கர்ப்பிணிகளும் வயோதிபரும் பெட்டியைத் துப்புரவாக்க வேண்டாம். ஆமையைக் குளிப்பாட்டும் பாத்திரத்தைத் தனியாக வைத்து, தண்ணீரை மலசலகூடத்தில் ஊற்றுங்கள். குசினித் தொட்டியில் ஊற்றக்கூடாது.

வைத்திருப்பதா, கொடுப்பதா?

இன்றே ஆமையைக் கொடுக்கத் தேவையில்லை. முதலில் பிள்ளையைக் குடும்ப வைத்தியரிடம் காட்டுங்கள். வீட்டில் ஆமை இருப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வைத்தியர் அதற்காக உங்களை ஏச மாட்டார். வீட்டுச் சொந்தக்காரருக்கும் அறிவிக்க மாட்டார். பிறகொரு நாள் பிள்ளைக்குக் காய்ச்சலும் வயிற்றோட்டமும் வந்தாலும் அந்த ஒரு வசனம் சோதனையைச் சரியான வழியில் திருப்பும்.

மேலே சொன்ன மாற்றங்களைச் செய்து, கலண்டரில் ஒவ்வொரு நாளும் எழுதுங்கள்: இரவில் இருமினாளா, இன்ஹேலர் எத்தனை முறை, அன்று வீட்டில் என்ன நடந்தது. பொரித்த நாளில் கூடியதா, மண் கிளறிய நாளில் கூடியதா, அல்லது எந்நாளும் ஒரேயளவா? பேஸ்மென்ற் சுவரின் பூஞ்சணமே காரணமாக இருந்தால் ஆமையைக் கொடுத்தும் இருமல் நிற்காது. நான்கு ஆறு கிழமைக் குறிப்பு வைத்தியருக்குப் பெரிய உதவி. அதற்கிடையில் மூச்சு வாங்கினாலோ, இன்ஹேலர் எடுத்தும் அடங்காவிட்டாலோ, குறிப்பைப் பார்த்துக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எல்லாம் செய்தும் குறையவில்லை, வைத்தியரும் ஆமையே காரணம் என்று கருதுகிறார் என்றால், பிள்ளையின் மூச்சே பெரிது. அப்போது ஊர்வன மிருகங்களைப் பொறுப்பேற்கும் காப்பகத்திடமோ, பராமரிக்கத் தெரிந்த குடும்பத்திடமோ ஒப்படையுங்கள். பூங்காவில் விட்டுவிட்டு வராதீர்கள். இந்நாட்டுக் குளிரில் அது செத்துப்போகும். மகன் பள்ளியால் வருமுன் ஒளித்துக் கொண்டுபோகவும் வேண்டாம். வீடு மாறி, பள்ளி மாறி, கூட்டாளிகளை விட்டுவிட்டு வந்த பிள்ளை அவன். கலண்டரை அவனுக்கும் காட்டி, அவனையும் கூட்டிக்கொண்டு போய், அவன் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள்.

இன்னும் வாங்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. தரையாமை 50 வருடத்துக்கு மேலும் வாழக்கூடியது. உள்ளங்கையளவில் விற்கும் ஆபிரிக்க ஆமை வளர்ந்தால் 40 கிலோவையும் தாண்டும். வீட்டில் முட்டுள்ள பிள்ளை இருந்தால் வாங்குமுன் வைத்தியரைக் கேளுங்கள்.

அடுத்த இதழில்: குளிர்காலத்தில் யன்னலில் வடியும் தண்ணீரும் சுவர்ப் பூஞ்சணமும்.