தெருக்குரல் தெருவில் ஒலிக்கட்டும்

தோழர்களே, பங்க் ராக் என்றால் கிழிந்த சட்டையும் கோணல் முடியும் என்று நினைப்பவர்கள் உண்டு. 1978 ஏப்ரலில் லண்டன் விக்டோரியா பூங்காவில், இனவெறிக்கு எதிராகத் திரண்ட கூட்டத்தின் முன் தி கிளாஷ் குழு பாடியது. எங்களுக்குப் பங்க் அதுதான்.

நம் மண்ணில் அதற்கு நேரானது தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ். பா. இரஞ்சித்தும் டென்மாவும் சேர்த்த 19 பேர் 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் மேடையேறினார்கள். கானா, பறை, ராப், கிடார் எல்லாம் கலந்து, மாட்டுக்கறியும் இடஒதுக்கீடும் பாட்டாயின.

அடுத்த ஆண்டு அறிவும் ஆஃப்ரோவும் தந்த 'தெருக்குரல்' தொகுப்பை விருத்தாசலத்தில் எப்படிக் கேட்டோம்? பீங்கான் வேலைக்குப் போகும் பஸ்ஸில், ஆளுக்கொரு இயர்போனில். பெயரே தெருக்குரல்! ஊர்த் திருவிழாவில் சாதிப்பெருமைப் பாட்டு விடிய விடிய ஓடும். நம் பாட்டைப் போட்டால் மட்டும் 'பிரச்சினை பண்றானுங்க' என்பார்கள்.

ஒலிப்பதிவுகளில் எங்களுக்கு ஒரு குறையும் உண்டு. பறை கொஞ்சம் பின்னால் ஒதுங்கிவிடுகிறது. மேடையில் அப்படியில்லை, தீயில் காய்ச்சிய பறையின் முதல் அடி நெஞ்சில் விழும். சாவுக்கு அடி என்று நம் தாத்தாக்களைக் கட்டாயப்படுத்திய அதே கருவி.

2020-ல் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' மறு ஆண்டே மதுரைக்கும் கோவைக்கும் போனது. மதுரை ரயில் எங்கள் ஜங்ஷன் வழியாகத்தான் போகிறது. மேடைதான் இங்கே நிற்கவில்லை.

எத்தனை நாள் காத்திருப்பது? நான்கு பறை, இரவல் கிடார் ஒன்று இருக்கிறது. ஏப்ரல் 14 அன்று தெருமுனையில் மூன்று பாட்டு. மைக்செட் அனுமதிக்கு மனு எழுதியாகிவிட்டது. கையெழுத்துப் போடப் பத்துப் பேர் வேண்டும்.