பாட்டன் பொருளும் பேரன் உரிமையும்

கணிப்பொறி நூல் பயிலும் மாணாக்கர் சிலர், 2015-ஆம் ஆண்டில் முதற்பதிப்பாக வெளிவந்த ரஸ்ட் மொழியைப் பற்றி ஒரு குறை கூறுவதுண்டு. அம்மொழியின் கம்பைலர் மிகுந்த கண்டிப்புடையது என்பதும், ஒரு செயற்கூறு மற்றொரு செயற்கூற்றை ஈன்று தருமிடத்து அக்கண்டிப்புப் பொறுக்கலாகாதது என்பதுமே அக்குறையாம். அக்கண்டிப்பு நன்மைக்கே என்பது நம் துணிபு.

தான் பிறந்த இடத்து மாறிகளையும் உடன்கொண்டு செல்லும் செயற்கூற்றைக் குளோஷர் என்பர். 1964-இல் இப்பெயரை வழங்கியவர் பீட்டர் லாண்டின் என்னும் ஆங்கில அறிஞர். ஒரு செயற்கூறு தன் வேலையை முடித்ததும் அதன் மாறிகள் தங்கிய நினைவகப் பகுதி கலைந்துபோம். கலைந்த வீட்டின் பொருளைச் சுட்டியவாறே குளோஷர் வெளியேறின் யாது நிகழும்? 2011-இல் இத்தகைய செயற்கூறுகளை ஏற்ற சி பிளஸ் பிளஸ் மொழியின் இலக்கணம் அதனைத் தடுப்பதில்லை. நிரல் ஓடும், என்றோ ஒருநாள் பிழைபட்ட விடை தரும், அன்றிக் கள்வனுக்குக் கதவு திறக்கும். தான் திருத்தும் பாதுகாப்புக் குறைகளுள் ஏறத்தாழ 70 விழுக்காடு நினைவகப் பிழைகளால் விளைந்தவை என்று மைக்ரோசாப்ட் நிறுவனம் 2019-இல் அறிவித்ததை நினைவுகூர்க. ரஸ்ட்டோ, ‘மூவ்’ என்னும் சொல்லால் பொருளை உனதாக்கிக்கொள், இன்றேல் வெளியேறாதே என்கின்றது.

குளோஷரே மற்றொரு குளோஷரை ஈனுமிடத்துச் சிக்கல் முதிர்கின்றது. பாட்டனாகிய செயற்கூறு ஓர் எழுத்துச்சரத்தை மகனாகிய வெளிக்குளோஷருக்கு அளிக்கின்றது. மகன் அதனைப் பேரனாகிய உட்குளோஷருக்கு அளித்துவிடுகின்றான். இரண்டாம் பேரனுக்குக் கொடுக்க மகனிடம் யாதுளது? ஆதலின் அம்மகனை ஒருமுறையே அழைக்கலாம் என்று கம்பைலர் விதிக்கின்றது. பன்முறை அழைக்க வேண்டுவோர் ஒவ்வொரு பேரனுக்கும் தனிப்படி எடுத்துத் தருக. அல்லது ‘ஆர்சி’ என்பதனால் பொதுவுடைமையாக வைக்க. எண்கள் தாமே படியெடுக்கப்படுவன ஆதலின் அவற்றிற்கு இத்தொல்லை இல்லை.

மொழியின்கண் மெய்யான குறையும் ஒன்றுண்டு. குளோஷரின் வகையைப் பெயரிட்டு எழுதுதல் இயலாது. 2018-இல் வந்த 1.26-ஆம் பதிப்பு ‘இம்ப்ள்’ என்னும் சொல்லால், வகைப்பெயர் கூறாமலே குளோஷரைத் திருப்பித்தர வழிசெய்தது. ஆயினும் அவ்வழி உட்குளோஷர் அளவும் செல்லாமையால், அதனைப் ‘பாக்ஸ்’ என்னும் பேழையில் இட்டுத் தருதல் வழக்கமாயிற்று. இதனைக் குறை கூறுவாருடன் நாமும் உடன்படுவோம்.

ஆனால், உடைமையைப் பற்றிய வினாவை வெறுத்து, கம்பைலரின் பிழைச்செய்தி மறையும்வரை கண்ட இடமெல்லாம் ‘குளோன்’ என்று எழுதிச் செல்லும் வழக்கத்தை நாம் ஏற்கமாட்டோம். அது வினாவிற்கு விடை காணாது, வினவிய ஆசிரியரின் வாயை அடைப்பதனை ஒக்கும். இப்பொருள் யாருடையது, எத்துணைக் காலம் வாழும், எத்தனை பேருக்குப் போதும் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை தெளிந்த பின்னரே நிரல் எழுதப் புகுவோமாக.