ஜாம்பி வந்தால் ராணுவம் தாங்குமா? ஒரு பி.காம் மாணவனின் கணக்கு

எந்த ஜாம்பி படத்தை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊரே நாசமான பிறகு ஹீரோ தட்டுத் தடுமாறி ஒரு ராணுவச் சோதனைச் சாவடிக்கு வந்து சேருவார். மணல் மூட்டை இருக்கும், கவிழ்ந்த ஜீப் இருக்கும், தரையெல்லாம் தோட்டாக் கூடுகள் சிதறிக் கிடக்கும். ராணுவம் மட்டும் இருக்காது! டாங்கி, ஹெலிகாப்டர், பீரங்கி எல்லாம் வைத்திருந்தவர்கள் தள்ளாடி நடக்கிற பிணங்களிடம் எப்படித் தோற்றார்கள் என்று பெரும்பாலான இயக்குநர்கள் சொல்வதே இல்லை. சொன்னால் கதை நகராது.

சரி, அவர்கள் சொல்லாவிட்டால் போகிறது. நாம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். (பி.காம் படிக்கிறவனுக்கு ராணுவத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு: வரவு செலவு தெரியும். இந்த விஷயத்துக்கு அது போதும் என்பதுதான் இந்தக் கட்டுரையே.)

முதலில் ஆட்ட விதிகள். ஜாம்பிகளில் பல ஜாதி. நான் எடுத்துக்கொள்வது ஜார்ஜ் ரொமேரோ 1968ல் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தில் தொடங்கி வைத்த பழைய மாடல். மெதுவாக நடக்கும், யோசிக்காது, வலிக்காது, மூளையில் அடித்தால்தான் விழும். கடிபட்டால் நாமும் அந்தக் கட்சியில் உறுப்பினர். இடம் அமெரிக்கா. இந்த மாடல் பிறந்த ஊரும் அதுதான், உலகத்திலேயே அதிகம் செலவு செய்கிற ராணுவமும் அங்கேதான் இருக்கிறது. அதுவே தாங்கவில்லை என்றால் மற்றவர்கள் கதையைப் பேச வேண்டியதே இல்லை.

இது வேலையில்லாதவன் யோசனை என்று நினைக்காதீர்கள். அமெரிக்க ராணுவத்தின் ஸ்ட்ராட்டஜிக் கமாண்டில் 2011ல் இதற்கு ஒரு திட்ட ஆவணமே எழுதினார்கள். பெயர் கான்பிளான் 8888. 2014ல் பத்திரிகைகளில் வெளியாகி ஊரே சிரித்தது. இளம் அதிகாரிகளுக்குத் திட்டம் தீட்டப் பயிற்சி கொடுக்க எழுதியது அது. ஏதாவது நிஜ நாட்டின் பெயரைப் போட்டு எழுதினால், அதை யாராவது பார்த்துவிட்டு நிஜமாகவே போருக்குக் கிளம்புகிறார்கள் என்று நினைத்துவிடலாம். ஜாம்பி என்றால் எந்த நாட்டுத் தூதரும் கோபித்துக்கொள்ள மாட்டார்! அதில் ஜாம்பிகளை வகை பிரித்திருக்கிறார்கள். செடிகொடிகளை மட்டும் தின்னும் சைவ ஜாம்பிகூட உண்டு.

இனி சண்டைக்கு வருவோம்.

ஆயுதமில்லாத பெருங்கூட்டம் துப்பாக்கி வரிசையை நோக்கி நேராக நடந்து வந்தால் என்ன ஆகும்? இதற்குப் பதில் வரலாற்றிலேயே இருக்கிறது. 1898 செப்டம்பரில் சூடானில் ஓம்டுர்மான் போர். கலீஃபாவின் படையில் சுமார் 50,000 பேர். சிலரிடம் துப்பாக்கியும் இருந்தது, எல்லோரிடமும் அசாத்திய தைரியம் இருந்தது. எதிரே கிட்ச்னரின் ஆங்கிலேய, எகிப்தியப் படை, மாக்சிம் இயந்திரத் துப்பாக்கிகளோடு. ஒரே காலைப்பொழுதில் சூடானியர் தரப்பில் ஏறத்தாழ 12,000 பேர் செத்தார்கள். கிட்ச்னர் தரப்பில் 48 பேர். அது 19ஆம் நூற்றாண்டு ஆயுதம்!

"ஏன், 1879ல் இசண்டல்வானாவில் சூலு வீரர்கள் ஈட்டியோடு வந்து ஆங்கிலேயப் படையைத் துடைத்து எடுக்கவில்லையா?" என்று வரலாறு படித்தவர்கள் கேட்கலாம். எடுத்தார்கள். ஆங்கிலேயர் தரப்பில் 1,300 பேருக்கு மேல் செத்தார்கள். ஆனால் சூலு படைக்குத் தளபதிகள் இருந்தார்கள், திட்டம் இருந்தது. நிலத்தின் மறைவைப் பயன்படுத்தி, இரண்டு பக்கமும் கொம்பு மாதிரி விரிந்து வளைத்தார்கள். ஜெயித்தது மூளை. ஜாம்பியிடம் இல்லாத ஒரே பொருள் அதுதான்.

இன்னொரு வேடிக்கையான உதாரணம், 1932ல் ஆஸ்திரேலியாவின் ஈமு போர். பயிரை மேய்ந்த ஈமு கோழிகளைச் சுட ராணுவம் 2 லூயிஸ் துப்பாக்கி, 10,000 தோட்டாவோடு போனது. கோழிகள் சின்னச் சின்னக் கூட்டமாகப் பிரிந்து ஓடின. ராணுவம் அசிங்கப்பட்டுத் திரும்பியது. ஜாம்பி ஈமு அளவுக்குக்கூட விவரமில்லை. சத்தம் கேட்டால் ஓடாது, சத்தத்தை நோக்கி வரும். ஒரு மேட்டில் உட்கார்ந்து சைரன் போட்டால் ரேஷன் கடை வரிசை மாதிரி வந்து நிற்கும்.

அடுத்து தோட்டா. ஒரு அமெரிக்கக் காலாட்படை வீரர் வழக்கமாகச் சுமப்பது 30 தோட்டா கொண்ட 7 மேகசின், மொத்தம் 210. தலையில்தான் சுட வேண்டும், பதற்றம் வேறு, ஆகவே ஒரு ஜாம்பிக்கு 10 தோட்டா என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒருவர் 21 ஜாம்பிகளை முடிப்பார். 10 லட்சம் ஜாம்பி உள்ள நகரத்துக்கு 1 கோடி தோட்டா. ஒரு 5.56 மி.மீ. தோட்டா சுமார் 12 கிராம். மொத்தம் 120 டன். பெட்டி எடையும் சேர்த்தால் 20 லாரி போதும். ஒரு பெரிய நகரத்தின் மொத்த ஜாம்பியும் 20 லாரிக்குள் முடிந்தது! அமெரிக்கா முழுக்க 20 கோடி ஜாம்பி என்றாலும் 200 கோடி தோட்டா. மிசோரியில் இருக்கும் லேக் சிட்டி என்ற ஒரே தொழிற்சாலைக்கு ஆண்டுக்கு 100 கோடிக்கு மேல் தயாரிக்கும் திறன் இருக்கிறது.

மாக்ஸ் புரூக்ஸ் 2006ல் எழுதிய 'வேர்ல்டு வார் இசட்' நாவலில் யாங்கர்ஸ் என்ற இடத்தில் அமெரிக்க ராணுவம் படுதோல்வி அடையும். டாங்கி, பீரங்கி என்று டிவிக்காகப் படம் காட்டப் போய், மூளையில் அடிபடாத பிணங்கள் எழுந்து வந்துகொண்டே இருக்கும். ஆனால் அதே நாவலில் பிற்பாடு ராணுவம் ஜெயிப்பது எப்படித் தெரியுமா? சதுரமாக நின்று, நிதானமாக, ஒன்றுக்கு ஒன்று என்று சுட்டு. ஒரு ஜாம்பியை ஒழிக்க எவ்வளவு வளம் செலவாகிறது என்று கணக்குப் பார்த்து ஆயுதத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நாங்கள் காஸ்ட் அக்கவுண்டிங்கில் ஒரு யூனிட்டுக்கு என்ன செலவு என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வோமே, அதேதான்!

ஆகவே முதல் ரவுண்டு ராணுவத்துக்கு. சந்தேகமே இல்லை.

ஆனால் இதுவரை போட்டது செலவுப் பக்கத்தில் பாதிக் கணக்குதான். அந்த 20 லாரியை ஓட்டப் போவது யார்? லாரிக்கு டீசல் யார் தருவார்? லேக் சிட்டியில் காலை ஷிஃப்டுக்கு யார் வருவார்? ஒரு ஏப்ரம்ஸ் டாங்கியை எந்த ஜாம்பியாலும் கடிக்க முடியாது. ஆனால் அதன் டேங்க்கில் பிடிக்கும் சுமார் 1,900 லிட்டர் எரிபொருளில் 420 கிலோமீட்டர் போகலாம். அதற்கப்புறம் சுத்திகரிப்பு ஆலையில் வேலை செய்கிறவர் பிழைத்திருந்தால்தான் அது டாங்கி. இல்லையென்றால் 60 டன் இரும்புப் பெட்டி. ஜாம்பிக்குச் சோறு வேண்டாம், சம்பளம் வேண்டாம், டீசல் வேண்டாம். நம் ஆட்களுக்கு எல்லாமே வேண்டும்.

அடுத்து, தொற்று. எதிரி வெளியே இருக்கும்வரை ராணுவத்துக்குக் கவலையில்லை. உள்ளே வந்தால்? 1918ல் ஸ்பானிஷ் ஃப்ளூ அமெரிக்க ராணுவ முகாம்களில்தான் வெறியாட்டம் போட்டது. பாஸ்டனுக்குப் பக்கத்தில் டெவன்ஸ் முகாமில் கட்டிடத்தின் கொள்ளளவுக்கு மேல் ஆட்களை அடைத்து வைத்திருந்தார்கள், செப்டம்பரில் பிணங்களை வைக்க இடமில்லாமல் போனது. அக்டோபர் மாத ஆள்சேர்ப்பையே ரத்து செய்ய வேண்டியிருந்தது. அந்தப் போரில் அமெரிக்கா சண்டையில் இழந்தது சுமார் 53,000 பேர். காய்ச்சலிலும் நிமோனியாவிலும் இழந்த வீரர்கள் சுமார் 45,000 பேர்!

அது நூறு வருடம் முந்தைய கதை என்றால், 2020க்கு வாருங்கள். தியோடர் ரூஸ்வெல்ட் என்ற விமானம் தாங்கிக் கப்பல். அணுசக்தியில் ஓடுவது. 'ஜாம்பி வந்தால் எங்கே ஒளிவாய்?' என்று கேட்டால் நம்மில் பாதிப் பேர் சொல்லும் இடம் இதுதான். சுமார் 4,800 பேர் இருந்த கப்பலில் 1,200 பேருக்கு மேல் கொரோனா. ஒருவர் இறந்தார். மார்ச் கடைசியில் குவாம் துறைமுகத்தில் ஒதுங்கிய கப்பல் மே மாதம்தான் மறுபடி கடலுக்குப் போனது. யாரும் ஒரு குண்டுகூடப் போடவில்லை.

கொரோனா கண்ணுக்குத் தெரியாது, ஜாம்பி கடி தெரியுமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கடி மூச்சைவிட மெதுவாகத்தான் பரவும், சட்டையைக் கழற்றிச் சோதனை போடலாம். ஆனால் கடிபட்டவன் உங்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டவனாக இருந்தால்? காட்டிக்கொடுப்பீர்களா, 'ஆணி கிழித்துவிட்டது' என்று அவன் சொல்வதை நம்பிவிடுவீர்களா?

மூன்றாவது, எனக்கு முக்கியமாகப் படுவது, குடும்பம். 2005ல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது, சுமார் 1,500 பேர் கொண்ட காவல்துறையில் 200க்கும் மேற்பட்டவர்கள் அனுமதியில்லாமல் பணியில் இல்லை என்று காவல்துறைத் தலைமையே சொன்னது. எல்லோரும் கோழைகளா? பல போலீஸ்காரர்களின் வீடே தண்ணீருக்குள் கிடந்தது. தமிழில் 2016ல் வந்த 'மிருதன்' படத்தில்கூடப் போக்குவரத்துக் காவலராக வரும் ஜெயம் ரவிக்கு முதல் கவலை தங்கைதான். 'உன் அம்மா எங்கே இருக்கிறாள் என்று தெரியாது, நீ இந்தப் பாலத்தைக் காவல் காத்துக்கொண்டிரு' என்று எத்தனை நாளைக்கு ஒரு வீரனிடம் சொல்ல முடியும்? எத்தனை நாள் அவன் கேட்பான்?

ஆக ராணுவத்துக்கு நேரமில்லை. 2009ல் கனடாவின் ஒட்டாவா, கார்ல்டன் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள், நோய் பரவலைக் கணக்கிடும் சமன்பாடுகளை ஜாம்பிக்குப் போட்டுப் பார்த்தார்கள். (அதில் ஒருவர் பெயர் ராபர்ட் ஸ்மித்? கேள்விக்குறி என் தட்டச்சுப் பிழை இல்லை, அவர் பெயரிலேயே இருக்கிறது.) தனிமைப்படுத்தலும் மருந்தும் போதாது, சீக்கிரமாக, அடுத்தடுத்து, ஒவ்வொரு முறையும் பலமாக அடித்தால்தான் மனிதன் பிழைப்பான் என்பது அவர்கள் முடிவு. முதல் சில வாரத்தில் அடிக்க வேண்டும். அந்தச் சில வாரத்தில்தான் மேலே சொன்ன மூன்றும் சேர்ந்து ராணுவத்தைப் பிடித்து இழுக்கும்.

இந்த இடத்தில் ஒரு சுலபமான வழி எல்லோருக்கும் தோன்றும். முகாம் கேட்டை இழுத்துப் பூட்டு. உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் சாப்பாடு. வெளியே இருப்பவர்கள் விதி. 'வேர்ல்டு வார் இசட்' நாவலில் ரெடேக்கர் திட்டம் என்று ஒன்று வரும். சிலரைப் பாதுகாப்பான பகுதிக்குக் கொண்டுபோய், மற்றவர்களை வேறு இடங்களில் ஜாம்பிகளுக்குத் தூண்டில் இரையாக விட்டுவிடுவது. கதையில் அது வேலை செய்கிறது, அதுதான் பயங்கரம். 2002ல் வந்த '28 டேஸ் லேட்டர்' படத்தில் இதன் அடுத்த கட்டத்தைக் காட்டுகிறார்கள். மான்செஸ்டர் பக்கம் ஒரு மாளிகையில் ஒரு மேஜரும் அவர் வீரர்களும் பத்திரமாகப் பிழைத்திருக்கிறார்கள். ரேடியோவில் 'இங்கே வாருங்கள், காப்பாற்றுகிறோம்' என்று அழைக்கிறார்கள். நம்பி வருகிற பெண்களைத் தன் வீரர்களுக்குக் கொடுப்பதாக மேஜர் வாக்குக் கொடுத்திருக்கிறார். சீருடை இருக்கிறது, துப்பாக்கி இருக்கிறது, கட்டளைகூட இருக்கிறது. அதை ராணுவம் என்று சொல்வீர்களா? நான் சொல்ல மாட்டேன். துப்பாக்கி வைத்த ரவுடிக் கும்பல் என்பேன்.

கேட்டைப் பூட்டுவது கணக்கிலும் உதைக்கும். வெளியே விட்டுவிட்டு வந்தவர்களில்தான் டீசல் ஆலை ஆள் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார், கோதுமை விளைவிக்கிறவர் இருக்கிறார். பேலன்ஸ் ஷீட்டில் செலவைக் குறைக்கிறேன் என்று சொத்தையே அடித்துவிட்ட மாதிரி! அதோடு, கைவிடப்பட்ட ஒவ்வொருவரும் நாளைக்கு எதிரணியில் ஒரு எண்ணிக்கை. இங்கே நீக்கினால் அங்கே தானாக வரவு வைக்கப்படும். இரட்டைப் பதிவு முறை ஜாம்பிக்கும் பொருந்தும்.

அதனால் என் தீர்ப்பு இது. நவீன ராணுவம் ஜாம்பிகளிடம் பிழைக்கும். ஆனால் அது தோட்டாவால் மட்டும் நடக்காது. வீரர்களின் குடும்பத்தை முதல் வாரமே ஒரு பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். கடிபட்டவன் பயமில்லாமல் வந்து சொல்லும்படி, சொன்னால் கடைசி வரை மனிதனாக நடத்தும்படி ஒரு விதி வேண்டும். லாரி டிரைவரையும் மின்வாரிய ஆளையும் வீரனுக்குச் சமமாகக் காவல் காக்க வேண்டும். மீதிப் பொறுப்பு நம்முடையது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2011ல் ஜாம்பிக்குத் தயாராவது எப்படி என்று ஒரு குறிப்பு வெளியிட்டு, கூட்டம் தாங்காமல் அந்தப் பக்கமே படுத்துவிட்டது. அதில் சொன்னதெல்லாம் தண்ணீர், கெடாத சாப்பாடு, மருந்து, முக்கியமான காகிதங்கள், குடும்பம் எங்கே சந்திப்பது என்ற முடிவு... புயலுக்குச் சொல்வதேதான். ஒரு வீடு நாலு நாள் தன்னைத் தானே பார்த்துக்கொண்டால், அந்த நாலு நாளும் ராணுவம் வேறு வேலை பார்க்கும்.

கடைசியாக ஒன்று. அந்த நாவலில் பிழைத்த மக்களைத் தொழில்வாரியாகத் தரம் பிரிப்பார்கள். கையால் எதையும் செய்யத் தெரியாத ஆபீஸ் ஆட்களுக்குக் கடைசித் தரம், எஃப்-6. நம்ம பி.காம் வகுப்பு மொத்தமும் அதில்தான் வரும் மக்களே! தச்சர், பிளம்பர் எல்லாம் நமக்குப் பாடம் எடுப்பார்கள். அதிலும் ஒரு சமாதானம் என்னவென்றால், அந்தத் தச்சருக்கு ஆணி எத்தனை, ஊருக்கு அரிசி எத்தனை மூட்டை, எத்தனை நாள் வரும் என்று எழுதி வைக்க ஒரு ஆள் வேண்டும்.

நான் என் பெயரைக் கொடுத்துவிட்டேன். கேட்டுக்கு வெளியே நிற்பவர்களையும் சேர்த்து எண்ணினால் அரிசி எத்தனை நாள் வரும் என்பதுதான் நான் போடப் போகிற முதல் கணக்கு. நீங்கள் என்ன செய்வீர்கள், சொல்லுங்கள்.