மறைக்கப்படும் எண்கள்

இடஒதுக்கீட்டு வழக்குகளில் நீதிமன்றம் முதலில் கேட்பது தரவுகளையே. பதவி உயர்வில் இடஒதுக்கீடு வழங்க அளவிடத்தக்க தரவுகள் வேண்டும் என 2006இல் நாகராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், வறுமை குறித்த தரவுகளை அரசே முடக்கினால் கேட்பாரில்லை.

2017-18 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின் முடிவுகளை, தரம் போதாதென்று கூறி ஒன்றிய அரசு 2019இல் கைவிட்டது. இதனால் 2011-12க்கும் 2022-23க்கும் இடைப்பட்ட காலத்திற்கு அதிகாரப்பூர்வ நுகர்வுக் கணக்கே இல்லை. பணமதிப்பிழப்பும் கொரோனா ஊரடங்கும் சேரிகளின் அடுப்புகளை எவ்வளவு அணைத்தன என்பதற்குச் சான்றில்லாமல் போயிற்று.

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் உரிய காலத்தில் நடக்கவில்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டப் பயனாளிகளின் எண்ணிக்கையோ 2011 மக்கள்தொகையை வைத்து வரையறுக்கப்பட்டது. அதன்பின் உருவான ஏழைக் குடும்பங்கள் பல பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன.

2011இல் தொடங்கிய சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பின் சாதித் தரவுகள் வெளியிடப்படவே இல்லை. எனவே, அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்ற அறிவிப்பு மட்டும் போதாது. முடிவுகளைச் சாதிவாரியாகவும் மாவட்டவாரியாகவும் குறித்த காலத்திற்குள் வெளியிடுவது அரசின் சட்டக் கடமையாக்கப்பட வேண்டும். எண்ணுவதோடு நில்லாமல், எண்ணியதை வெளியிடவும் வேண்டும் என்பதே நம் கோரிக்கையாகட்டும்.